ஒரு சவரனுக்கு 330 கிலோ

பங்காரப்பேட்டையில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து மாரிக்குப்பம் போகும் ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. கோரமண்டல், பெமல் நகர், உரிகம், சாம்பியன் என்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புகிறது. தங்கச் சுரங்கத்துக்காகவே 1894-ல் போட்ட கிளைப்பாதை இது. எதிரே இருந்தவர் கைபேசியில் இளையராஜா பாடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் பலகைகளில் கன்னடம். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இந்த மூலைக்குத் தமிழில் கோலார் தங்கவயல் என்று பெயர். ஊர்க்காரர்கள் வாயில் வெறும் கேஜிஎஃப்.

கோரமண்டல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அந்த மேடுகள் வந்தன. முதலில் மலை என்றுதான் கண் நினைத்தது. பிறகு ஏதோ இடிக்கிறது என்று அதுவே சந்தேகப்பட்டது. தலை தட்டை. பக்கங்கள் செங்குத்து. மேலிருந்து அடிவரை மழை வாரிய வரிகள். சாம்பலும் வெளிறிய மஞ்சளும் கலந்த நிறம். பாறையும் இல்லை, மரமும் இல்லை. இயற்கை செய்த மலையில் ஏதாவது ஒரு கோணல் இருக்கும். இவற்றில் அது இல்லை. அடுக்கடுக்காக, ஆண்டாண்டாக, யாரோ கொட்டி உயர்த்தியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. சுற்றிலும் தாழ்ந்த ஓட்டு வீடுகள், ஒரு மாதா கோவில், ஒரு மாரியம்மன் கோவில். இவற்றின் முதுகுக்குப் பின்னால் பத்து மாடி உயரத்துக்கு மணல்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒப்புக்கொண்டவர் சுரங்கத்தின் மில்லில் வேலை பார்த்து, ஆலை மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். எழுபதைத் தாண்டிய ஆள். தலையில் தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு. மேட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்டதும் என் செருப்பைப் பார்த்தார்.

"ஷூ போட்டுகினு வந்திருக்கலாம் தம்பி. சரி, வா. சைனைடு இருக்குதுன்னு பயமா?"

"இல்லையா ஐயா?"

"அது எப்பவோ போயிடுச்சு. மண்ணுதான் நம்மள விடாம புடிச்சுகினு இருக்குது."

இந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னது எத்தனை சரி என்பது, அந்த ஊரில் இருந்த நேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குப் பிடிபட்டது.

லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல் இங்கே கால் வைத்தது. ஆரம்ப காலத்தில் பாறையை இடித்து, பாதரசத்தோடு சேர்த்துத் தங்கத்தைப் பிடித்தார்கள். பாதரசத்தில் ஒட்டாத நுண்ணிய தங்கம் மணலோடு போய்விடும். 1887-ல் கிளாஸ்கோவில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் என்ற வேதியியலாளரும் ஃபாரஸ்ட் சகோதரர்கள் என்ற இரு மருத்துவர்களும் சேர்ந்து அதற்கு ஒரு வழி கண்டார்கள். பாறையை மாவாக அரைத்து, மிகவும் நீர்த்த சைனைடு கரைசலில் ஊறவைத்துக் காற்றை ஊதினால் தங்கம் கரைந்துவிடும். கரைசலை வடித்துத் துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் மறுபடி படியும். மிஞ்சுவது சக்கை. உலகத்தின் தங்கத் தொழிலையே இந்த வேதியியல் மாற்றியது. தென்னாப்பிரிக்காவில், ஆஸ்திரேலியாவில், கோலாரில், எங்கெல்லாம் தங்கம் எடுத்தார்களோ அங்கெல்லாம் ஊர் ஓரத்தில் இதேபோலத் தட்டைத் தலை மேடுகள் முளைத்தன.

பெரியவருக்குச் சைனைடு பற்றிப் பேசச் சலிப்பே இல்லை. அந்த விஷத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவருக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்திருந்தது. தொட்டியில் சுண்ணாம்பு சரியாக இருக்க வேண்டும் என்றார். காரத்தன்மை குறைந்தால் சைனைடு வாயுவாகக் கிளம்பும். கசப்பு பாதாம் மாதிரி ஒரு வாசனை வரும். சிலர் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. தெரியாதவன்தான் கவனமாக இருக்க வேண்டும். வேதியியல் புத்தகமும் இதையேதான் சொல்கிறது. கரைசலின் காரத்தன்மையை பி.எச். 10-க்கு மேல் வைத்திருப்பதுதான் தங்க ஆலையின் முதல் பாதுகாப்பு விதி. சுண்ணாம்பு போடுகிற ஆளின் கையில் அத்தனை பேர் உயிரும் இருந்தது.

அரைத்துச் சாரம் எடுத்த பிறகு சக்கையைத் தண்ணீரோடு கலந்து மேட்டுக்கு அனுப்புவார்கள். தண்ணீர் வடியும், மண் நிற்கும். மறுநாள் அதன்மேல் அடுத்த அடுக்கு. சுரங்கத்தைக் கடைசியாக நடத்திய பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடும்வரை இதுதான் நடந்தது. இப்படி நிற்பவை 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் பரப்பில், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். 120 ஆண்டுகளில் இங்கிருந்து வெளியே போன தங்கம் ஏறக்குறைய 800 டன். மேட்டின் அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கைபேசியில் வகுத்துப் பார்த்தேன். ஒரு கிராம் தங்கத்துக்கு 41 கிலோ சக்கை. ஒரு சவரனுக்கு 330 கிலோ. பெண்ணுக்கு ஐந்து சவரனில் சங்கிலி போட்டு அனுப்பினால், அதன் பங்குக்கு ஒன்றரை டன்னுக்கும் மேல் மண் இந்த ஊரில் தங்கிவிட்டது என்று கணக்கு. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் எல்லாம் பில்லில் எழுதுகிறார்கள். இந்தச் சேதாரத்தை எந்த பில்லிலும் நான் பார்த்ததில்லை.

மேட்டில் ஏறினோம். மண் கோலமாவு போல இருந்தது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் நழுவி, நழுவிய பிறகும் ரேகைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. உச்சியில் நின்றால் வேறொரு கிரகம். கண்ணுக்கெட்டிய வரை வெடித்த தரை, குறுக்கே ஆழமான நீரோடைப் பள்ளங்கள், தூரத்தில் பழைய ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம், அதற்கும் அப்பால் ராபர்ட்சன்பேட்டையின் கட்டடங்கள். பயமும் அழகும் ஒன்றாகச் சேர்ந்த காட்சி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சினிமாக்காரர்கள் இதை விடுவார்களா? 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படத்தின் இரண்டு பாகங்களிலும் இந்த மண்தான் பெரிய நடிகர். இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு மேட்டைச் சேதப்படுத்துகிறது என்று 2019-ல் உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் நீண்ட சிவப்பு கவுனை ஒருவர் தூக்கித் தூக்கிக் காற்றில் விட, ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு புழுதிப் படலம் எழுந்தது. பெரியவர் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டார். நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

இங்கே விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். சைனைடு என்ற சொல்லுக்குத்தான் ஊரே நடுங்குகிறது. கழுத்தில் தொங்கும் குப்பி, துப்பறியும் கதை என்று நமக்குப் பழக்கமான விஷம் அது. ஆனால் திறந்தவெளியில் வெயிலும் காற்றும் பட்டால் சைனைடு சிதைந்துவிடும் இனம். பெரும்பகுதி வாயுவாகப் பிரிந்து போய்விடும். இரும்போடு இறுகப் பிணைந்த ஒரு பகுதி மட்டும் நெடுநாள் தங்கும். சைனைடு புத்தம் புதிதாக ஆற்றில் கலந்தால்தான் பேரழிவு. 2000 ஜனவரி 30 இரவு ருமேனியாவின் பாயா மாரேயில் ஒரு தங்கச் சக்கைக் குளத்தின் கரை உடைந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் சைனைடு நீர் ஓடியது. திசா நதி வழியாக டான்யூப் வரை போய், ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது. அதற்குப் பிறகுதான் சைனைடை எப்படிக் கொண்டுபோவது, எப்படி வைப்பது, எப்படி முறிப்பது என்று ஒரு சர்வதேச நெறிமுறை எழுதப்பட்டது.

கால் நூற்றாண்டு காய்ந்து கிடக்கும் கோலார் மேட்டின் ஆபத்து வேறு. ஒன்று, தங்கத்தோடு கூட வந்த கந்தகத் தாதுக்கள். காற்றும் மழையும் பட்டால் இவை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாறும். அமிலம் மண்ணிலுள்ள உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். மேட்டில் பச்சை பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இறங்கும் நீர் எங்கே போகும்? இந்தப் பூமி பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தது. பக்கத்து பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் ஏரி. அங்கிருந்து ஆந்திரம் வழியாக வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியிலேயே கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலாறு பிறந்து சற்று தூரத்திலேயே அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு இந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

இன்னொன்று, பெரியவர் சொன்ன மண். தங்கம் வெண்கல் பாறையில் இருந்தது. வெண்கல் என்றால் சிலிக்கா. அதை மாவாக அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள் மாதிரி நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். உடம்பு அதைச் சுற்றித் தழும்பு போடும். தழும்பு விரியும், மூச்சு சுருங்கும். இதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் மருத்துவப் பதிவில் எழுதவைத்தது கோலார் சுரங்கம்தான். 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைப் படம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் அது இருந்தது. மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மைசூர் அரசு 1940-லேயே சிலிகோசிஸுக்கு இழப்பீட்டு விதி கொண்டுவந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் அந்த விதி சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு. மேட்டுக்குப் பக்கத்தில் துணி காயப்போடுகிறவளுக்கு எந்த விதியும் இல்லை.

அப்படி ஒரு வீட்டுக்குப் பெரியவர் என்னைக் கூட்டிப் போனார். கம்பெனி கட்டிய லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, குனிந்து நுழைய வேண்டிய வாசல். அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டு, டம்ளருக்கு மேலே ஒரு தட்டையும் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"பழக்கம் சார். ஆடி மாசம் வந்து பாருங்க. கதவு சாத்துனாலும் சோத்துல மண்ணு. குடத்துக்குத் துணி கட்டணும். புள்ளைங்க தலைய தினமும் அலசணும். துணி காயப்போட்டா வெள்ளை வேட்டியே வேற கலரு."

"யாரிடமாவது சொன்னீர்களா அம்மா?"

"முன்னாடி கம்பெனி இருந்துச்சு, சொன்னா ஏதோ பண்ணுவாங்க. இப்ப யாருகிட்ட போயி சொல்றது? கேட்டுல வாட்ச்மேன் இருக்கான், அவனுக்கே இருமலு."

இந்தப் பதிலில்தான் ஆபத்தான கழிவு பற்றிய முழுப் பாடமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நஞ்சின் அளவு, அதன் வேதியியல் எல்லாம் முக்கியம்தான். அவற்றைவிட முக்கியம், அதற்குப் பக்கத்தில் பொறுப்பாக யார் நிற்கிறார்கள் என்பது. ஆலை ஓடும்வரை ஈரம் இருந்தது, பம்பு ஓடியது, சுண்ணாம்பு போட ஆள் இருந்தான், திட்டு வாங்க ஒரு மேனேஜர் இருந்தார். லாபம் நின்ற அன்று இத்தனை பேரும் ஒரே நாளில் கிளம்பிவிட்டார்கள். கழிவுக்கு மட்டும் ஓய்வு வயது இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய சுரங்கத்தில் நீர் இறைப்பதும் நின்று, உள்ளே வெள்ளம் ஏறியது. 2020 மே மாதம் பழைய சுரங்கத்துக்குள் திருட்டுத்தனமாக இறங்கிய மூன்று பேர் உள்ளேயே இறந்தார்கள்.

சுரங்கத்தை மூடும்போது எப்படி மூட வேண்டும், அதற்கான பணத்தை முன்கூட்டியே எப்படிக் கட்டி வைக்க வேண்டும் என்று இந்தியாவில் விதி வந்தது 2003-ல். கோலார் மூடியது 2001-ல். இரண்டு வருட இடைவெளி. இந்த அநியாயத்தை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

கைவிட்ட கழிவுக்குக் காவல் போட்ட கதையும் உண்டு. கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் ஊரில் ஜயன்ட் மைன் என்று ஒரு தங்கச் சுரங்கம். அங்கே பாறையை வறுத்துத் தங்கம் எடுத்ததில் ஆர்சனிக் டிரையாக்சைடு தூள் மிஞ்சியது. 2 லட்சத்து 37 ஆயிரம் டன். தண்ணீரில் கரையும் கொடிய நஞ்சு அது. அதை நிலத்தடி அறைகளில் கொட்டி வைத்தார்கள். 1999-ல் கம்பெனி திவாலானது. பொறுப்பு மக்கள் தலையில், அதாவது அரசின் தலையில் விழுந்தது. அந்த அறைகளைச் சுற்றியுள்ள பாறையை நிரந்தரமாக உறையவைத்துத் தூளை அப்படியே சிறைவைக்கும் வேலை நடக்கிறது. மொத்தத் திட்டத்துக்கு 400 கோடி கனடிய டாலருக்கும் மேல். சுரங்கம் சம்பாதித்துக் கொடுத்ததைக் காவலே தின்றுவிடும் போலிருக்கிறது. அப்படியும் காவல் போட்டார்கள்.

கோலாரின் கதையில் இதைவிட விசித்திரமான ஒரு திருப்பம் உண்டு. அதைச் சொன்னபோது பெரியவரின் குரலில் கோபம் ஏறியது. 2012 நவம்பர். கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறது. எரிந்த அணு எரிபொருளை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்கு, அரசுத் தரப்பின் பதிலில் கோலாரின் கைவிட்ட சுரங்கம் அடிபட்டது. செய்தி வந்ததும் ஊர் கொதித்தது. பந்த், ஊர்வலம், மறியல். அப்போதைய கர்நாடக முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டர் எதிர்ப்புத் தெரிவித்தார். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மத்திய அரசு விளக்கம் சொல்லிப் பின்வாங்கியது.

"ஓட்டை இருக்குதுன்னா கொட்டிடுவியா? அது எங்க அப்பன் தோண்டுன ஓட்டை" என்றார் பெரியவர்.

முழுக்க ஆகாயத்திலிருந்து விழுந்த யோசனையும் அல்ல அது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளுக்கு முன் இங்கே, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கைவிட்ட ஒரு பகுதியில், பாறைக்குள் சூடேற்றிகளைப் புதைத்து எட்டு ஆண்டு காலம் சோதனை செய்தது. அணுக்கழிவு வெளியிடும் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று பார்க்கத்தான். கதிரியக்கப் பொருள் எதுவும் அதில் இல்லை. இதே சுரங்கத்தின் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானியரோடும் பிரிட்டிஷாரோடும் சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோவை 1965-ல் பிடித்துக் காட்டினார்கள். கோலாரின் ஆழம் இந்திய அறிவியலுக்குச் செய்த உதவி சின்னதல்ல. ஆனால் சோதனைக்கு உதவுகிற குழி வேறு, பத்தாயிரம் வருடம் சேமிக்கிற குழி வேறு. இங்கே பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பது சுரங்கம் ஓடிய காலத்திலேயே வாடிக்கை. மூடிய பிறகும், நீர் ஏற ஏற, சின்ன அதிர்வுகள் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன.

பழைய சுரங்கத்தில் அணுக்கழிவைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தைப் பார்க்கலாம். 1967 முதல் 1978 வரை சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் பீப்பாய்களை அங்கே இறக்கினார்கள். உப்புப் பாறை, காய்ந்தது, பத்திரம் என்றார்கள். 1980-களின் இறுதியிலிருந்து நாள்தோறும் உப்புநீர் உள்ளே கசிகிறது. இப்போது அத்தனை பீப்பாயையும் மேலே எடுப்பது என்று முடிவு செய்து, எப்படி எடுப்பது என்று திணறுகிறார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஓல்கிலூட்டோ தீவில், யாரும் கை வைக்காத பாறையைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, 400 மீட்டருக்கும் ஆழத்தில் புதிதாகக் குடைந்திருக்கிறார்கள். அந்த ஊராட்சி வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சம்மதம் கேட்டார்கள். கோலாரில் ஊர்க்காரர்கள் செய்தியைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தவர் எச்சத்தை ஏற்கும் கட்டாயம் இந்த ஊருக்குப் புதிதல்ல. கம்பெனி லைன்களின் உலர் கழிப்பிடங்களை வாளியோடு போய்ச் சுத்தம் செய்ய இங்கே ஒரு சமூகமே வைக்கப்பட்டிருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக நாடு முழுக்கப் போராடி 2016-ல் மகசேசே விருது பெற்றவர். அவருடைய போராட்டம் தொடங்கியது இந்தத் தெருக்களில். உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டவும், 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரவும் தெரிந்த நிர்வாகத்துக்குக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் போடத் தெரியாமலா போனது! கழிவை அள்ளுகிற உயிர் மலிவாகக் கிடைக்கும்வரை எந்தத் தொழில்நுட்பமும் வந்து சேராது.

சரி, இந்த மேடுகளை என்னதான் செய்வது? ஆபத்தான கழிவைக் கையாள நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியில் அதற்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. அடியில் களிமண், அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, கசியும் நீரைப் பிடிக்கக் குழாய், பிறகு கழிவு, நிரம்பியதும் மேலே மூடி. மூடிய பிறகும் முப்பது ஆண்டு காவல் காக்க வேண்டும் என்பது நம் வழிகாட்டு நெறிதான். போபாலில் விஷவாயு ஆலைக்குள் நாற்பது ஆண்டு கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் பன்னிரண்டு கண்டெய்னரில் ஏற்றி பீத்தம்பூருக்குக் கொண்டுபோய், ஜூன் இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். வழியெல்லாம் போலீஸ் காவல், பீத்தம்பூரில் கல்வீச்சு, தீக்குளிப்பு முயற்சி. 337 டன்னுக்கு இந்தப் பாடு. கோலாரில் இருப்பது அதைப்போல ஏறக்குறைய லட்சம் மடங்கு. இரண்டும் ஒரே ரக நஞ்சு அல்ல; போபாலின் ஒரு மூட்டைக்கு இங்கே ஒரு லாரி மண் ஈடாகாது. ஆனாலும் இத்தனை மண்ணுக்கு எந்த கண்டெய்னரும் போதாது, விரிப்பும் போதாது. இருக்கிற இடத்திலேயேதான் அடக்கியாக வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதபடி மேலே நல்ல மண் மூட வேண்டும், வேர் பிடிக்கும் புல் வளர்க்க வேண்டும், பக்கச் சரிவைக் குறைக்க வேண்டும், அடிவாரத்தில் வடிகால் வெட்டி அந்த நீரைச் சோதிக்க வேண்டும், சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு வேண்டும். ராக்கெட் வித்தை எதுவும் இதில் இல்லை. பணமும் ஒரு பெயர்ப்பலகையும் போதும். பலகையில், எந்த அதிகாரியிடம் புகார் சொல்லலாம் என்று எழுதியிருக்க வேண்டும்.

அதைவிட ருசியான யோசனை ஒன்று இப்போது ஊரில் சுற்றுகிறது. இந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக இன்னும் தங்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எடுக்கக் கட்டுப்படியாகாதது, இன்றைய விலைக்குக் கட்டுப்படியாகிறது. 13 மேடுகளையும் மறுபடி அரித்துத் தங்கம் எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கேட்டதும் பெரியவர் முகத்தில் இரண்டு உணர்ச்சி வந்ததைப் பார்த்தேன். பேரனுக்கு வேலை கிடைக்கும் என்ற ஆசை ஒன்று. மற்றது, தொழிலில் இருந்தவருக்கு மட்டும் வரும் சந்தேகம்.

"ஒரு டன்ல ஒரு கிராம் எடுத்தா மிச்சம் எவ்ளோ தம்பி?"

"ஒரு டன்தான் ஐயா."

"அத எங்க வைப்பான்?"

ஜோகன்னஸ்பர்க்கில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். நகரத்துக்குள் இருந்த பழைய தங்க மேடுகளை உயர் அழுத்தத் தண்ணீர் பீச்சிக் கரைத்து, குழாய் வழியாக ஆலைக்கு அனுப்பி, மிச்சத்தை ஊருக்கு வெளியே ஒரே பெரிய அணைக்குள் சேர்க்கிறார்கள். சில இடங்களில் மேடே மறைந்து நிலம் காலியானது. தண்ணீரில் கரைப்பதால் அந்த வேலையின்போது புழுதியும் குறைவு. புதிய அணை மட்டும் சரியாக இருக்க வேண்டும். 1994 பிப்ரவரியில் அதே நாட்டின் மெர்ரிஸ்ப்ரூட்டில் மழையில் ஒரு தங்கச் சக்கை அணை உடைந்து பதினேழு பேரைச் சேற்றில் புதைத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான் மறு அரிப்புக்கு எதிரி அல்ல. ஒழுங்காகச் செய்தால், ஊர்க்காரர் கைக்கு ஒரு காசும் வராமல் கிடக்கும் மேட்டை மூடுவதற்கான செலவை அந்த மேடே கொடுக்கும். ஏலப் பத்திரத்தில் தங்கத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதுவதற்கு முன், மிச்ச மண் எங்கே போகும், அதன் வைப்புத்தொகை எவ்வளவு, ஆடி மாதம் வேலை நிற்குமா, லைன் வீடுகளில் நுரையீரல் பரிசோதனை யார் செலவு என்று எழுத வேண்டும். ஏலம் எடுத்தவர் பாதியில் ஓடிவிட்டால் அரித்த மேடு முழு மேட்டைவிட மோசமாகப் பறக்கும்.

திரும்பும்போது மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினேன். விடியலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புவதுதான் இந்த ஊரின் இன்றைய சுரங்கம். ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போகிறார்கள். நான் போனது கூட்டமில்லாத நேரம். பக்கத்தில் இருந்த இளம்பெண் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இரவு ஷிஃப்டாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். மேடு பார்க்க என்றேன். ஜோகன்னஸ்பர்க்கில் தண்ணீர் பீச்சி அரிக்கும் கதையைச் சொன்னேன்.

"தண்ணியா? கோலார்லயா?" என்று பக்கென்று சிரித்தாள். "எங்க லைன்ல குடிக்கிற தண்ணியே டேங்கர்ல வருது அண்ணா."

கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள், அதை இதற்குப் பயன்படுத்தலாமோ என்று சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்க மண்ணுக்கு அவங்க சாக்கடை" என்றாள். கோரமண்டல் வந்தது. ஒரு வியாபாரி மாங்காய்க் கூடையோடு ஏறினார். அவள் இரண்டு மாங்காய்க்குப் பேரம் பேசத் தொடங்கினாள்.